பதினொன்றாம் நிறுத்தத்துக்கு ஒரு காரணம்

நான் வேலை பார்க்கும் ஆபீஸ் குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. காலையில் வர்க்கி வேகும் வாசனையோடுதான் கம்ப்யூட்டரைத் திறப்போம். மொத்தம் ஆறு பேர். தேயிலை ஃபேக்டரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. சிறு விவசாயிகளிடம் பச்சை இலை எடுக்கப் போகும் லாரி அன்றைக்கு எந்தெந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஃபேக்டரியில் தினமும் ஒரு சீட்டு அச்சாகும். அந்தச் சீட்டை அடிக்கிற புரோகிராமை எழுதியவன் நான். எழுதிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பின்னால் வந்தவர்கள் யாரும் அதைத் திறந்து பார்க்கத் துணியவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு, சொல்வதற்கென்ன.

போன வருஷம் எங்கள் ஆபீஸுக்கு ஏஐ வந்தது. புரோகிராம் எழுதுவதற்கென்றே இருக்கிற வகை. என்ன வேண்டும் என்று சொன்னால் எழுதித் தரும், பழையதைக் கொடுத்தால் திருத்தும். முதல் மாதம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். இரண்டாம் மாதம் குழப்பம் ஆரம்பித்தது. ஆறு பேரும் ஆறு விதமாகக் கேட்டோம், அதுவும் ஆறு விதமாக எழுதியது. ஒருவருக்குத் தேதியை நாளில் தொடங்கியது, இன்னொருவருக்கு வருஷத்தில் தொடங்கியது. ஒரே வேலைக்கு மூன்று பெயரில் மூன்று புரோகிராம் துண்டுகள் முளைத்தன. இலை, மூட்டை, வண்டி என்று நான் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வைத்திருந்த பெயர்களை ஒரு மத்தியானம் மொத்தமாக இங்கிலீஷ் ஆக்கிவிட்டது. யார் சொல்லி மாற்றினாய் என்று கேட்டேன். படிக்க எளிதாக ஆக்கச் சொன்னீர்களே என்றது. பார்த்தால் நான்தான் சொல்லியிருந்தேன்.

எங்கள் டீம் லீட் கோயமுத்தூர்ப் பெண். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர், எனக்கு மேலதிகாரி. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர் ஒரு நாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்ணா, இப்படியே போனா ஆகாதுங்க. ஏஐக்கு ஒரு ரூல்ஸ் ஃபைல் வேணும். எப்படி எழுதணும், எதைத் தொடக் கூடாது, எப்பக் கேக்கணும், எல்லாம் அதுல இருக்கணும். தினமும் அதைப் படிச்சுட்டுத்தான் அது வேலையையே ஆரம்பிக்கும். நீங்களே எழுதிருங்க."

"நானுங்களா அம்மணி?"

"பழைய கோடெல்லாம் உங்களுக்குத்தானுங்ணா அத்துப்படி."

அத்துப்படி என்ற சொல்லில் மயங்கி ஒத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு வாரம் நான் பட்ட பாடு இருக்கிறதே! அதை நீ என்று கூப்பிடுவதா, நீங்கள் என்பதா என்பதிலேயே அரை நாள் போனது. எங்கள் பக்கத்தில் மாட்டைக்கூட மரியாதையாக ஒதுங்கச் சொல்கிறவர்கள் உண்டு. கடைசியில் ஆளே இல்லாத மாதிரி, 'செய்ய வேண்டும்', 'கூடாது' என்று முடித்துக்கொண்டேன்.

முதல் விதி, எந்தத் துண்டும் நாற்பது வரிக்கு மேல் போகக் கூடாது. எழுதிச் சேமித்த உடனே ஏஐ கேட்டது: சீட்டு அடிக்கும் துண்டு அறுநூறு வரிக்கு மேல் இருக்கிறது, உடைக்கட்டுமா? அது நான் எழுதியது. வேண்டாம் என்றேன். அப்படியானால் விதியில் அதற்கு ஒரு விலக்குச் சேர்க்கட்டுமா என்று பணிவாகக் கேட்டது. இது எனக்கு வேலைக்காரனா, என்னைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டரா என்று அப்போது விளங்கவில்லை. இப்போதும் விளங்கியபாடில்லை.

இரண்டாம் விதி, பெயர்கள் எல்லாம் ஒரே மொழியில் இருக்க வேண்டும். எந்த மொழியில் என்று கேட்டது. அதை முடிவு செய்ய ஆபீஸில் மூன்று நாள் சண்டை நடந்தது. வேலை முடிந்தது என்று சொல்லும் முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு விதி போட்டேன். அதைப் படித்த பக்கத்து மேசைக்காரர், "இது என்னையத்தானே சொல்றீங்க?" என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தார். இயந்திரத்துக்கு விதி எழுதப் போனால் மனுஷர்களுக்கு ஏன் கோபம் வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். நான் எழுதிய விதிகளில் முக்கால்வாசியை நானே மீறியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் மூன்று விதிகளை மட்டும் நான் பெருமையோடு எழுதினேன். புரியாத வரியை நீக்கக் கூடாது, கேட்க வேண்டும். விதிவிலக்கு ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே காரணம் எழுதியிருக்க வேண்டும். யாராவது ஒரு காரணம் சொன்னால், அது பதிவில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். டீம் லீட் படித்துவிட்டு, "சூப்பருங்ணா" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

விதிகளைப் படித்த கையோடு என் பழைய புரோகிராமுக்குள் போன அந்த ஏஐ, நாற்பது சொச்சம் கேள்விகளோடு திரும்பி வந்தது. ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். சிலதுக்குக் காரணம் இருந்தது, சிலது அன்றைய சோம்பேறித்தனம். ஒரு கேள்வியில் மட்டும் நின்றுவிட்டேன்.

சீட்டு அடிக்கும் முறை இதுதான். இலை இருக்கிறவர்கள் காலையிலேயே போனில் பதிந்துவிடுவார்கள். பதியாத இடத்தை அன்றைய சீட்டிலிருந்து புரோகிராம் எடுத்துவிடும், வண்டி அங்கே நிற்காது. ஆனால் ரூட் நான்கில், பதினொன்றாம் நிறுத்தத்துக்கு மட்டும் ஒரு தனி வரி இருந்தது. அங்கே இலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நிறுத்தத்தைச் சீட்டிலிருந்து எடுக்கக் கூடாது என்று அந்த வரி சொன்னது. காரணம் எழுதப்படவில்லை, வைத்துக்கொள்ளலாமா, நீக்கலாமா என்று ஏஐ கேட்டது.

என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? புரோகிராமிலும் கையெழுத்து உண்டு. அது நான் எழுதிய வரிதான். ஏன் எழுதினேன் என்று மட்டும் நினைவில் ஒரு பொட்டுக்கூட இல்லை. ரூட் நான்கு கேத்திப் பக்கம் போகிற வழி. பதினொன்றாம் நிறுத்தம் ஒரு மேட்டில் இருக்கிற பழைய இலைக் கொட்டகை. அந்தத் தோட்டக்காரர் தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. பதிவைப் பார்த்தால் அதற்குப் பின் அங்கே ஒரு கிலோ இலைகூட ஏறவில்லை. வண்டி மட்டும் தினமும் நின்றிருக்கிறது.

ரூட் நான்கின் டிரைவருக்குப் போன் போட்டேன். அந்த வழியில் ஆரம்பத்திலிருந்து ஓட்டுகிறவர்.

"பதினொன்னுல எதுக்குங்க வண்டி நிக்குது?"

"அது... உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரிஞ்சா கேப்பேனுங்களா?"

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"ஆபீஸ்ல எல்லாரும்தான் இருக்காங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று வைத்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? நானே ஒரு முடிவுக்கு வந்தேன். பீடி. வண்டியை ஓரம் கட்டி ஒரு பீடி பிடிக்க ஓர் இடம். அந்தக் காலத்தில் என்னை எப்படியோ தாஜா செய்து சீட்டில் ஏற்றியிருக்கிறார். ஃபேக்டரியில் இலைப் பகுதியைக் கவனிக்கும் ஆபீசரைக் கேட்டேன். "பழைய பழக்கமா இருக்குமுங்க, எடுத்துருங்க" என்றார். நீக்கு என்று அடித்தேன். ஏஐ அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு நன்றி சொன்னது. அடுத்த திங்கட்கிழமை புதிய புரோகிராம் ஃபேக்டரிக்குப் போனது.

பத்து நாள் கழித்து அந்த டிரைவர் ஆபீஸுக்கு வந்தார். வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவியில் சார்ஜ் ஏறவில்லை, மாற்றிக் கொடுக்க வேண்டும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றார். கருவியை மாற்றிக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு படியில் இறங்கினவர், இரண்டாம் படியில் நின்று திரும்பினார்.

"இத்தனை வருசமா ஒரு நல்ல காரியம் பண்ணீட்டு இருந்தீங்க. ஏனுங்க நிறுத்தீட்டீங்க?"

"என்ன காரியமுங்க?"

என் முகத்தைப் பார்த்தார். நான் நடிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் குரல் இறங்கியது. "நெசமாவே மறந்துட்டீங்களா? நீங்கதானுங்க அன்னைக்கு என் வண்டியில வந்தீங்க. சோலை வளைவுல பொம்பளைங்களைப் பாத்தீங்க. ஆளுங்களைக் கூட்டீட்டுப் போறதை எழுத்துல மட்டும் வெக்காதீங்கன்னு நான் சொன்னேனுங்களே."

படியில் நின்றபடி எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. புரோகிராம் எழுதும் முன் வழியைப் பார்த்து வர ஒரு நாள் அந்த லாரியில் முன்னால் உட்கார்ந்து போனேன். பதினொன்றாம் நிறுத்தத்தில் இலை எடுத்தபின் டிரைவர் ஹாரன் அடித்தார். தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு நாலைந்து பெண்கள் பனிமூட்டத்திலிருந்து வந்து இலை மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டார்கள். அவர்கள் வேலை செய்கிற தோட்டம் மேலே, குடியிருக்கிற லைன் வீடுகள் கீழே, நடுவில் அடர்ந்த சோலைக் காடு. அந்த வளைவில் சாயங்காலமானால் காட்டெருமை வந்து நிற்கும், சில நாள் கரடியும். லோடு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். அதனால்தான் காரணம் எழுதாமல் அந்த ஒரு வரியை வைத்தேன். யாருக்கும் தெரியக் கூடாது என்று அவ்வளவு கவனமாக மறைத்ததில் எனக்கே தெரியாமல் போய்விட்டது.

"சீட்டுல இல்லைன்னா என்னங்க, நீங்களா நிறுத்தக் கூடாதா?" என்று கேட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சீட்டில் இல்லாத இடத்தில் வண்டி நின்றால் உடனே ஃபேக்டரி மேனேஜருக்கு மெசேஜ் போகும். அதையும் நாங்கள்தான் செய்து கொடுத்திருந்தோம். டிரைவர் அந்தக் கருவியைத் தூக்கி எனக்குக் காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பீடி என்று நினைத்தேனே, அது இன்னும் உறுத்துகிறது.

அந்த மத்தியானமே வரியைத் திரும்ப வைக்கச் சொன்னேன். என்ன காரணம் எழுதட்டும் என்று ஏஐ கேட்டது. விதி அப்படி. அந்த நிறுத்தத்தில் சில நாள் பதியாமலே இலை வரும் என்று அடித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பதிவுகளில் பல வருஷமாக அங்கே இலை ஏறியதாக இல்லை, இந்தக் காரணம் சரிதானா என்று கேட்டது. அதுவும் விதி. நான் பெருமையோடு எழுதிய விதி. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விதியையே அழித்துவிடலாமா என்று தோன்றியது. அழித்தால் நாளைக்கு இதே மாதிரி வேறொரு வரி போகும். உண்மையை எழுதலாமா என்று கேட்க எங்கள் ஆபீஸ் முதலாளியிடம் போனேன். அவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"பாவந்தான். ஆனா லோடு வண்டியில மனுசங்களை ஏத்துறோமுன்னு நம்ம கோப்புல இருக்கக் கூடாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஃபேக்டரிக்காரங்க நம்மளைத்தான் கேப்பாங்க."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. எழுதினால் குற்றம், எழுதாவிட்டால் வரி நிற்காது, பொய்யாக எழுதினால் இயந்திரம் பிடித்துவிடுகிறது. டீம் லீட் நகத்தைக் கடித்துக்கொண்டே, "எனக்கும் ஒண்ணும் புரியலீங்ணா. ஒரு தடவை நேர்ல போய்ப் பாருங்களேன்" என்றார். வேறு எதுவும் தோன்றாததால் போனேன்.

வியாழக்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டுக் கொட்டகைக்கு ஏறும்போது ஐந்தரை மணி. மார்கழிப் பனி அதற்குள் இறங்கி, பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. கேரட் காட்டின் ஓரத்துக் குழாயில் மூன்று பெண்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் ஒரு தகரத் தட்டும் கம்பியும் இருந்தன.

"ஃபேக்டரி ஆளுங்களா?" என்றார் தட்டு வைத்திருந்தவர்.

"இல்லீங்க. கம்ப்யூட்டர்ல சீட்டுப் போடுற ஆளு."

"ஓ, எடுத்தவரு" என்றார் இன்னொருவர். கோபமாகச் சொல்லவில்லை. அடையாளம் சொல்கிற மாதிரி சொன்னார்.

ஆறு மணிக்கு லாரியின் வெளிச்சம் வந்தது. பழக்க தோஷத்தில் கொட்டகைக்கு எதிரில் கொஞ்சம் மெதுவானது, அப்புறம் போய்விட்டது. பனியில் டிரைவருக்கு என்னைத் தெரிந்திருக்காது. நாங்கள் நடந்தோம். தட்டைக் கம்பியால் தட்டிக்கொண்டே அவர்கள் போன வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. வளைவுக்கு வந்ததும் முன்னால் போனவர் கையை நீட்டி எல்லோரையும் நிறுத்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது, எங்கள் யாருடைய மூச்சும் இல்லை. அப்புறம்தான் ரோட்டுக்கு நடுவில் இருட்டு கொஞ்சம் கூடுதலாக இருந்த இடம் காட்டெருமை என்று புரிந்தது. நான் ஓரடி பின்னால் எடுத்து வைத்தேன்.

"பயப்படாதீங்க. ஆனா ஓடணுமுன்னா நீங்கதான் கடைசி" என்று காதோரம் சொன்னார் தட்டுக்காரர். மற்ற இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். அது சோலைக்குள் இறங்க எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது, எனக்கு அரை நாள் மாதிரி இருந்தது.

வளைவைத் தாண்டிய பிறகு கேட்டேன். "முந்தி வண்டியில ஏறிப் போறப்ப இந்தத் தொல்லை இல்லீங்களே?"

"வண்டியில ஏறுறதா?" என்று மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். "அதெல்லாம் போலீசு மறிச்சு டிரைவரைச் சத்தம் போட்டதோட போச்சுங்க. ஏழெட்டு வருசம் ஆச்சு. வண்டிக்குப் பின்னாடி நாங்க நாலு பேரும் நடக்குறதுதான். எங்க நடைக்கு அவரு ஓட்டுவாரு. வெளிச்சத்தையும் சத்தத்தையும் பாத்தா அதுங்க ஒதுங்கிக்கும்."

நான் அப்படியே நின்றேன். ஏறவே இல்லை. ஏழெட்டு வருஷமாக யாரும் ஏறவே இல்லை. வண்டி மெதுவாகப் போகிறது, பின்னால் நாலு பேர் நடக்கிறார்கள். இதில் எந்தச் சட்டம் என்ன செய்யும்? டிரைவர் பயத்தில் சொல்லவில்லை, நான் மறந்துபோய்ச் சொல்லவில்லை, முதலாளி இல்லாத ஒன்றை மறைக்கச் சொன்னார். எழுதியிருக்கலாம். எப்போது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

"நாலு பேருன்னீங்களே, மூணு பேருதானுங்களே இருக்கீங்க?" என்றேன்.

"இன்னொரு அக்காவுக்கு மொழங்கால் சரியில்லீங்க. தட்டுத் தட்டீட்டு எங்க வேகத்துக்கு வர முடியாது. வண்டி நிக்காமப் போனதுலருந்து வேலைக்கு வர்றதில்லை."

லைனில் இரண்டாவது வீடு அவருடையது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். காலை நீட்டி உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று மற்றவர்கள் சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்று நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"கம்ப்யூட்டர்ல என்னைய எடுத்துட்டாங்கன்னு டிரைவர் சொன்னாருங்க" என்றார். "நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு தெரியலீங்க."

உங்களை எடுக்கவில்லை, ஒரு வரியைத்தான் எடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன். கேரட் காட்டு மேஸ்திரி திங்கட்கிழமை வரை பார்ப்பாராம். அன்றைக்கும் வராவிட்டால் வேறு ஆள் வைத்துவிடுவாராம். அக்காவுக்குக் காலையில் போவதில் சிரமம் இல்லை, வெயிலில் மெதுவாக ஏறிவிடுவார். திரும்பி வரத்தான் வண்டி வேண்டும்.

"நாளையிலருந்து வண்டி நிக்குமுங்க" என்றேன்.

"நாளான்னைக்கு?"

"நிக்குமுங்க."

"நீங்க எடுக்கறதுக்கு முன்னாடியும் அப்படித்தானுங்க நெனச்சுட்டு இருந்தேன்" என்றார். குத்திக் காட்டவில்லை. உரித்த பீன்ஸைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளியிடம் சொன்னேன். "நீ பாத்தியா?" என்றார். நடந்தேன் என்றேன். அவரே ஃபேக்டரி மேனேஜருக்குப் போன் போட்டார். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று மேனேஜர் சொன்னது எனக்கே கேட்டது. அவ்வளவுதான். அதற்காகவா இத்தனை வருஷம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று எனக்கு மறுபடியும் குழப்பம்.

வரியைத் திரும்ப வைத்து, பக்கத்தில் காரணத்தை எழுதினேன். 'இந்த நிறுத்தத்தில் இலை கிடையாது. மேலே கேரட் காட்டில் வேலை செய்யும் நான்கு பெண்கள் சாயங்காலம் வண்டிக்குப் பின்னால் நடந்து சோலை வளைவைக் கடக்கிறார்கள். அங்கே காட்டெருமை நிற்கும். அவர்களில் ஒருவரால் வேகமாக நடக்க முடியாது. வண்டி நின்றே ஆக வேண்டும்.'

ஏஐ படித்தது. புரிந்தது என்றது. பதிவோடு பொருந்துகிறது, அங்கே இலை இல்லை என்றது. பிறகு ஒரு கேள்வி கேட்டது: அவர்கள் வேலைக்கு வராத நாட்களில் நிறுத்தத்தை எடுத்துவிடலாமா? அவர்கள் வருகிறார்களா என்பதை எந்தப் பதிவிலிருந்து தெரிந்துகொள்வது?

நியாயமான கேள்வி. டிரைவருக்குப் போன் போட்டு அதை அப்படியே கேட்டேன்.

"நின்னாத்தானுங்களே தெரியும், ஆள் இருக்காங்களா இல்லையான்னு?" என்றார், இது என்ன கேள்வி என்கிற குரலில். அதை அப்படியே அடித்தேன். சரி என்றது.

டீம் லீட் வந்து படித்தார். பிறகு என் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து விதிகளின் கீழே ஒன்றைச் சேர்த்தார். காரணம் தெரியவில்லை என்று மனிதர்கள் சொன்னால் அது நீக்குவதற்கான அனுமதி ஆகாது, யாராவது நேரில் பார்த்து வரும் வரை இருக்கட்டும். "யாரு போறதுன்னு எழுதலையே அம்மணி?" என்றேன். "அது நீங்கதானுங்ணா, தனியா எழுதணுமாக்கும்" என்று போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ரூட் நான்கு பதினொன்றில் இரண்டு நிமிஷம் நின்றது. இலை இல்லை. சனிக்கிழமையும் இரண்டு நிமிஷம், இலை இல்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று திரையில் இருக்காது. டிரைவர் சொன்னார், மூன்று பேர். அக்கா வரவில்லை. வண்டி நிற்கிறது என்று சொன்னீர்களா என்று கேட்டேன். "சொன்னேனுங்க. பாக்கலாமுன்னாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவர் ஏன் என்னை நம்ப வேண்டும் என்று யோசித்தால் ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை ஆறு மணியிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கீழே பேக்கரியில் கூட்டம். டீம் லீட் வீட்டுக்குக் கிளம்பாமல் எதையோ தேடுகிற மாதிரி மேசையைக் குடைந்துகொண்டிருந்தார். ஆறரைக்கு மேல் டிரைவர் கூப்பிட்டார்.

"இன்னைக்கு நாலு பேருங்க. ரொம்ப மெதுவா வந்தோம். வண்டி லேட்டுன்னு உங்க கம்ப்யூட்டர்ல காட்டுமுங்க, பாத்துக்கோங்க."

காட்டட்டுமுங்க என்றேன்.

மறுநாள் காலையில் நான் உட்கார்ந்ததும் ஏஐ கேட்டது: ரூட் நான்கு நேற்றுப் பதினான்கு நிமிஷம் தாமதம், காரணம் எழுதப்படவில்லை. அக்கா வேலைக்கு வந்துவிட்டார் என்று அடித்தேன்.